மாநாட்டுக்கு வெளியே நின்ற மீனவர்கள்

1984-இல் ரோம் நகரில் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு உலக மீன்வள மாநாட்டைக் கூட்டியது. அமைச்சர்களும் அதிகாரிகளும் வல்லுநர்களும் வந்தார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு இடமில்லை. பல நாட்டு மீனவர்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் அதே ஊரில் தனி மாநாடு நடத்தினார்கள். அங்கே பிறந்த எண்ணத்தால் 1986-இல் திருவனந்தபுரத்தில் மீன்தொழிலாளர் ஆதரவுப் பன்னாட்டுக் குழு உருவானது. பிறகு அது சென்னையிலிருந்து இயங்கியது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2014 ஜூனில், அதே ஐ.நா. அமைப்பின் மீன்வளக் குழு சிறு மீன்பிடித் தொழிலுக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 120-க்கும் மேற்பட்ட நாடுகளில் 4,000-க்கும் அதிகமானோரிடம் கருத்துக் கேட்டு எழுதப்பட்டவை அவை. படகில் போகிறவர் மட்டுமல்லாமல், கரையில் மீன் விற்கிற, கருவாடு காயவைக்கிற பெண்களும் மீன்தொழிலாளர்களே என்று அந்த ஆவணம் ஏற்கிறது. அதற்காக ஓயாமல் உழைத்தவர்களில் ஒருவர், சென்னைக் குழுவின் செயலாளராக இருந்த சந்திரிகா சர்மா. மங்கோலியாவில் நடக்கவிருந்த உணவு, வேளாண்மை அமைப்பின் மாநாட்டுக்குப் புறப்பட்டவர், 2014 மார்ச் 8-ஆம் தேதி காணாமல்போன மலேசிய விமானத்தில் இருந்தார். நெறிகளை அவருக்கே காணிக்கையாக்கினார்கள்.

உலக அமைப்புகள் எல்லோரையும் உள்ளே சேர்க்கத்தான் வேண்டும் என்பது இன்று எழுதாத விதி. யோனாஸ் டால்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1950 முதல் 2010 வரை 50 பன்னாட்டு அமைப்புகளை ஆராய்ந்து 2013-இல் நூல் வெளியிட்டார்கள். அரசு சாராதவர்களுக்குக் கதவு பெருமளவு திறந்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆனால் திட்டங்களை நிறைவேற்றும்போது கிடைக்கும் இடம் முடிவெடுக்கும்போது கிடைப்பதில்லை. மீன்தொழில் நெறிகளிலும் இறுதி ஒப்புதல் அரசுகளின் கையில்தான் இருந்தது. சட்ட வலிமையும் அவற்றுக்குக் கிடையாது. என்றாலும் மீனவர்களின் சொல் வரைவில் நிலைத்தது. அழைப்புக்குக் காத்திராமல் அவர்கள் முன்பே அமைப்பாகத் திரண்டிருந்ததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று எண்ணும் ஆய்வுகள், யார் சொன்னது ஏட்டில் ஏறியது என்பதையும் தேட வேண்டும்.

2021-இல் ஐ.நா. உணவு அமைப்புகள் உச்சி மாநாட்டுக்கு எல்லோருக்கும் அழைப்பு இருந்தது. ஆனாலும் சிறு விவசாயிகள், மீனவர்களின் இயக்கங்கள் பல அதைப் புறக்கணித்தன. பெரு நிறுவனங்களின் கை ஓங்கியிருக்கிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடலோரத்தை இழக்கப்போகிறவரையும் அதில் முதலீடு செய்ய வருகிறவரையும் ‘பங்குதாரர்’ என்ற ஒரே பட்டியலில் சேர்த்தால், மீனவருக்குப் பேச நேரம் கிடைக்கும். அவருடைய உரிமைக்குத் தனி எடை கிடைக்காது.