பணம் எடுத்தாயிற்று, சரக்கு இல்லை!

இணையத்தில் காலணி வாங்க நாம் தட்டுவது ஒரே பொத்தான். பின்னால் நடப்பதோ பல வேலைகள்: பணம் எடுப்பது, கிடங்கில் சரக்கை ஒதுக்குவது, விநியோக ஓட்டுநரைத் தேடுவது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணினியில். பணம் எடுத்தபின் சரக்கு இல்லை என்று தெரிந்தால்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மென்பொருள் படிக்கும் என்னை மிகவும் கவர்ந்த பாடம் இது. எல்லாம் முடியும்வரை தரவுகளைப் பூட்டி வைக்கலாம். மற்ற வாடிக்கையாளர்கள் காத்துக் கிடப்பார்கள். நீண்ட நேரம் ஓடும் தரவுத்தள வேலைகளுக்காக 1987இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹெக்டர் கார்சியா மோலினா, கென்னத் சேலம் இருவரும் ‘சாகா’ என்ற வழியைச் சொன்னார்கள். இன்று இணையக் கடைகளுக்கும் அது கைகொடுக்கிறது. ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுகட்டும் எதிர்ப்படியை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எடுத்த பணத்துக்குத் திருப்பித் தருதல். ஒதுக்கிய சரக்குக்கு விடுவித்தல். நடுவில் ஒரு படி தவறினால், கடைசியாக முடிந்ததில் தொடங்கி ஒவ்வொன்றாக ஈடுகட்டப்படும்.

ஆனாலும் நடந்தது நடந்ததுதான். அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் பெற முடியாது. பணம் திரும்பச் சில நாளாகலாம். கணக்கில் 50 வெள்ளியே வைத்திருக்கும் மாணவருக்கு அது சின்ன விஷயமா? சரக்கை ஒதுக்கிய பிறகே பணத்தில் கைவைக்க வேண்டும் என்பேன். பணத்தைத் திருப்பும் கோரிக்கையே தோற்கவும் கூடும். அதனால் அதை மறுபடியும் அனுப்புவார்கள். இருமுறை பணம் போய்விடாமலிருக்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் உண்டு.