சுத்தியல் காட்டும் இடம்

கட்டுவிரியன் கடித்தவரின் மூளையை எவ்வளவு நவீன ஸ்கேன் கருவியில் பார்த்தாலும் படத்தில் குறை எதுவும் தெரியாது. கடித்த தடம்கூடப் பல நேரம் கண்ணில் படாது. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடிவதற்குள் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார். சாப்பிட்டது சேரவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். அனுபவமுள்ள மருத்துவர் முதலில் பார்ப்பது அவருடைய கண் இமைகளை.

“மேல விட்டத்தையே பாருங்க, பாத்துக்கிட்டே இருங்க” என்பார். கொஞ்ச நேரத்தில் இமைகள் தாமாகச் சரியத் தொடங்கும். அடுத்து நாக்கை நீட்டச் சொல்வார். தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்வார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசைகள் தளர்ந்து வருகின்றன, வென்டிலேட்டரைத் தயாராக வைக்க வேண்டும் என்று பொருள். பாம்பின் நஞ்சு, நரம்பின் நுனியிலிருந்து தசைக்குச் செய்தி போகவிடாமல் தடுக்கிறது. முற்றிய நிலையில் கை கால் அசையாது, கண் திறக்காது, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது. மூளை செத்துவிட்டது போலவே தோன்றும். ஆனால் உள்ளே நினைவு தெளிவாக இருக்கலாம், காதும் கேட்கலாம். இந்த நிலைக்குப் போனவர்கள் வென்டிலேட்டர் துணையோடு மீண்டு எழுந்து வந்ததை இந்திய மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஒரு டார்ச்சும் இரண்டு கைகளும் பார்க்கத் தெரிந்த கண்களும் போதும். நரம்பியல் பரிசோதனை என்பது இதுதான். என்ன நோய் என்ற கேள்வி அதில் இரண்டாவதாகத்தான் வரும். முதல் கேள்வி, பழுது எங்கே என்பது. மூளையிலா, தண்டுவடத்திலா, அங்கிருந்து கிளம்பும் நரம்பிலா, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலா, தசையிலேயேவா?

இந்தக் கேள்விக்குக் கையாலேயே விடை காணலாம் என்பதற்குச் சரியான சான்று லண்டனில் கிடைத்தது. 1887-ல் ராணுவ கேப்டன் ஒருவர் வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவரிடம் வந்தார். தோள்பட்டை எலும்புக்குக் கீழே நெடுநாள் வலி, பிறகு கால்கள் இரண்டும் செயலிழந்தன. எக்ஸ்ரேயே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. உணர்ச்சி எந்த மட்டத்தில் நின்றுபோகிறது, கால்கள் எப்படி விறைக்கின்றன என்பதை வைத்து, தண்டுவடத்தை ஒரு கட்டி நசுக்குகிறது என்று கவர்ஸ் முடிவு செய்தார். ஜூன் 9-ம் தேதி விக்டர் ஹார்ஸ்லி முதுகெலும்பைத் திறந்தார். முதலில் பார்த்த இடத்தில் கட்டி இல்லை. பரிசோதனையில் நம்பிக்கை வைத்து இன்னும் மேலே திறந்தார்கள். அங்கே இருந்தது. அதை அகற்றிய பிறகு கேப்டன் மறுபடியும் எழுந்து நடந்தார்.

வேலூரில் 1949-ல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-ல் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கியபோதும் சி.டி. ஸ்கேன் கிடையாது. லண்டனில் முதல் நோயாளிக்கு அது எடுக்கப்பட்டதே 1971-ல்தான்.

பரிசோதனையில் பாதி, பேச்சிலேயே முடிந்துவிடும். “காலில் பலம் இல்லை” என்று ஒருவர் சொன்னால், நல்ல மருத்துவர் அதோடு விடுவதில்லை. குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிகிறதா என்று கேட்பார். முடியவில்லை என்றால் தொடையும் இடுப்பும் சார்ந்த தசைகளில் சந்தேகம். செருப்பு காலை விட்டுக் கழன்றுபோவது தெரிகிறதா என்று கேட்பார். தெரியாமலே கழன்றால் பாதத்தின் உணர்ச்சியில் கோளாறு. கழல்வது தெரிந்தும் பிடித்துக்கொள்ள முடியாவிட்டால் பாதத் தசைகளில் பலக்குறைவு. கொடியில் துணி காயப்போட முடிகிறதா, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்ற கேள்விகளும் இப்படித்தான். பாடநூலில் உள்ள ஐரோப்பியக் கேள்விகளை நம் வீடுகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட ஆசிரியர்களுக்கு மாணவர்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறார்கள்.

குளிக்கும்போது கண்ணை மூடித் தலையில் தண்ணீர் ஊற்றினால் தள்ளாடுகிறதா என்பதும் முக்கியமான கேள்வி. பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் 1840-களில் எழுதிய நூலில் விவரித்த குறி இது. நோயாளியைப் பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்து, பிறகு கண்ணை மூடச் சொல்ல வேண்டும். மருத்துவர் பக்கத்திலேயே கையை நீட்டித் தயாராக நிற்க வேண்டும், இல்லையென்றால் விழுந்துவிடுவார். கண் திறந்திருக்கும்போது நன்றாக நிற்பவர் மூடியதும் சாய்ந்தால், தன் கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகவில்லை. ரோம்பெர்க் காலத்தில் அதற்குப் பெரும் காரணம் சிபிலிஸ். இன்று சர்க்கரை நோயும் வைட்டமின் பி12 குறைபாடும் முன்னே நிற்கின்றன.

முகத்துக்கு வருவோம். ஒரு பக்கம் வாய் கோணிக்கொண்டால் வீடே பதறிவிடும். மருத்துவர் முதலில் புருவத்தை உயர்த்தச் சொல்வார். நெற்றியின் இரு பாதிகளுக்கும் மூளையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பொதுவாக, பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். முகத்து நரம்பே வீங்கிச் செயலிழக்கும் பெல் வாதத்தில் அந்தப் பக்கத்து நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. தலையில் அடிபட்டவரிடம் டார்ச் வேறொன்றைச் சொல்லும். ஒரு கண்மணி மட்டும் விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றால், உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்துகிறது என்ற எச்சரிக்கை. நினைவிழந்தவரின் நிலையை உலகம் முழுக்க ஒரே அளவில் சொல்ல, கிளாஸ்கோ நகரின் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். அதன் இன்றைய வடிவில் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15 மதிப்பெண். மிகக் குறைந்தது 3.

இனி சுத்தியல். முட்டிக்குக் கீழே தட்டினால் கால் உதைப்பதை ஜெர்மனியின் எர்ப், வெஸ்ட்பால் இருவரும் தனித்தனியாகக் கவனித்து, 1875-ல் ஒரே ஆய்விதழில் எழுதினார்கள். முக்கோண ரப்பர் தலையுள்ள சுத்தியல் பிலடெல்பியாவில் 1888-ல் வந்தது. லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையின் செவிலியர் வின்டில், பித்தளைச் சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டி, மூங்கில் குச்சியைக் கைப்பிடியாக்கித் தாமே சுத்தியல்கள் செய்து அங்கிருந்த மருத்துவர்களுக்கு விற்றார். அந்த வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சுத்தியலைக் குத்துவது போலப் பிடிக்கக் கூடாது. நோயாளி கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். மருத்துவர் மணிக்கட்டைத் தளர்த்தி, சுத்தியலை அதன் எடையிலேயே முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் மேல் விழவிட வேண்டும். கண் பாதத்தில் இருக்கக் கூடாது, தொடைத் தசையில் இருக்க வேண்டும். தசை துடிக்கவில்லை என்றால் உடனே ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லி, அந்தக் கணத்தில் தட்ட வேண்டும். புடாபெஸ்டின் யெந்திராசிக் 1885-ல் சொன்ன உத்தி இது. ஒளிந்திருந்த துடிப்பு பல நேரம் வெளிப்பட்டுவிடும்.

இந்தத் துடிப்புக்கு மூளையின் அனுமதி தேவையில்லை. செய்தி தண்டுவடம் வரை போய், அங்கேயே திரும்பிவிடுகிறது. ஆனால் மேலிருந்து மூளை அதை எப்போதும் கொஞ்சம் அடக்கியே வைத்திருக்கிறது. நரம்பு கெட்டால் துடிப்பு மறையும். மூளையிலோ தண்டுவடத்தின் மேல்பகுதியிலோ பழுது என்றால் கடிவாளம் போய், நாள் செல்லச் செல்லத் துடிப்பு மிகும்.

பாரிஸின் ஜோசப் பாபின்ஸ்கி 1896-ல் இதைவிட எளிய ஒன்றைக் காட்டினார். சாவி போன்ற மழுங்கிய முனையால் உள்ளங்காலின் வெளி ஓரத்தில், குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிக் கோடிழுக்க வேண்டும். கட்டைவிரல் கீழே மடங்கினால் சரி. மேலே எழும்பி மற்ற விரல்கள் விரிந்தால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியே இறங்கும் பாதையில் எங்கோ பழுது. அந்தப் பாதை முதிராத கைக்குழந்தைகளுக்கு விரல் மேலே எழுவது இயல்பு. இந்தக் குறியை பாபின்ஸ்கி முதன்முதலில் அறிவித்த குறிப்பு வெறும் 28 வரிகள்.

இந்த ஒரு கோடு எத்தனை பேரைக் காப்பாற்றுகிறது! கால் பலம் குறைந்தது என்றதும் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. நடுவயதைத் தாண்டினால் வலியே இல்லாதவர்கள் பலருக்கும் அங்கே டிஸ்க் பிதுங்கல் தெரியும். அதைக் காரணமாக்கி மாதக்கணக்கில் சிகிச்சை நடக்கும். தண்டுவடமோ இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. முட்டித் துடிப்பு மிகுந்து கட்டைவிரலும் மேலே எழுந்தால், அந்த டிஸ்க்கைக் குற்றம் சொல்ல முடியாது. கழுத்திலோ மார்புப் பகுதியிலோதான் தேட வேண்டும். ஸ்கேன் எடுப்பது தவறல்ல. எந்த இடத்தை எடுப்பது என்று சொல்ல ஒரு சுத்தியல் வேண்டும், அவ்வளவுதான்.

உணர்ச்சிப் பரிசோதனைதான் இருப்பதிலேயே கடினம், பொறுமையைச் சோதிப்பது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சாலும் புதிய ஊசியாலும் தொட்டு, இடமும் வலமும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இசைக்கவையைத் தட்டிக் கால் விரல் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லச் சொல்ல வேண்டும். “இங்கே குறைவாத்தானே இருக்கு?” என்று மருத்துவர் எடுத்துக்கொடுத்தால், நோயாளி மரியாதைக்காக ஆமாம் என்றுவிடுவார். பரிசோதனை அங்கேயே கெட்டுவிடும்.

தொட்டுப் பார்க்க வேண்டியது தோல் மட்டுமல்ல. முழங்கை உட்புற எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினால் அல்னார் நரம்பு தட்டுப்படும். தொழுநோயில் அது கயிறுபோல் தடித்திருக்கும். தோலில் உணர்ச்சியற்ற தேமலும் கையில் தடித்த நரம்பும் சேர்ந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. 1946-ல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சூடுபட்டுமே தேய்கின்றன என்று காட்டினார். அந்தப் பாடம் இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்ச்சியை அறியும் முறை இரண்டு நோய்களுக்கும் பொது. அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

எனவே நரம்பு மருத்துவரிடம் போகிறவர்கள், எது முதலில் தொடங்கியது, எது பிறகு வந்தது, எத்தனை நாளில் வந்தது என்பதை வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். உடனிருந்து பார்த்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்தால் காத்திருக்காதீர்கள். மூளையின் ரத்த அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறையாவது செருப்பைக் கழற்றிவிட்டு, “பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா பாருங்கள்” என்று உங்கள் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.