ஒரு டேபிளா, பல டேபிளா?

வீட்டுப் பொருட்களைப் பட்டியலிட எம்.எஸ். அக்ஸஸ் போன்ற டேட்டாபேஸ் தொகுப்பைத் திறந்தவுடன் வரும் முதல் குழப்பம், டேபிளை எப்படி அமைப்பது என்பதுதான். நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிட்ஜ், ஏ.சி., பைக் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டேபிள் அமைத்தேன். இந்த மாதம் எதற்கு வாரண்டி அல்லது இன்சூரன்ஸ் முடிகிறது என்று பார்க்க ஒரு கொயரி எழுதினேன். அதில் பைக் டேபிளைச் சேர்க்க மறந்துவிட்டேன். இன்சூரன்ஸ் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அந்த பைக்கில்தான் தினமும் ஆபீஸ் போய் வந்தேன்!

எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டால் என்ன? போடலாம். ஆனால் பிரிட்ஜுக்கு வண்டி எண் கிடையாது. பைக்குக்கு ஸ்டார் ரேட்டிங் கிடையாது. அந்த இடங்கள் காலியாக இருக்கும். இதை 'நல்' என்பார்கள். நல் வேறு, பூஜ்யம் வேறு. 3 ஸ்டார் பிரிட்ஜ், 5 ஸ்டார் ஏ.சி. இரண்டின் சராசரி 4. பைக்குக்கு 0 என்று டைப் செய்தால் சராசரி 2.67 ஆகிவிடும். காலியாக விட்டால் கணக்கில் சேராது.

மூன்றாவது வழி, தாய் டேபிளும் பிள்ளை டேபிள்களும்.

1. 'பொருள்' என்ற டேபிளில் எல்லாவற்றுக்கும் பொதுவான பீல்டுகளை அமையுங்கள்: எண் (ஆட்டோநம்பர், பிரைமரி கீ), பெயர், வாங்கிய தேதி, முடிவுத் தேதி.

2. 'சாதனம்' டேபிளில் எண், ஸ்டார் ரேட்டிங். 'வாகனம்' டேபிளில் எண், வண்டி எண். இங்கும் எண்தான் பிரைமரி கீ. ஆனால் ஆட்டோநம்பர் வேண்டாம். நம்பர், லாங் இன்டீஜர் எனத் தேர்ந்தெடுங்கள்.

3. ரிலேஷன்ஷிப்ஸ் விண்டோவில் தாயின் எண்ணைப் பிள்ளையின் எண் மீது இழுத்து விட்டு, 'என்போர்ஸ் ரெபரென்ஷியல் இன்டெக்ரிட்டி' கட்டத்தில் டிக் செய்யுங்கள். இனி தாயில் இல்லாத பொருளைப் பிள்ளையில் சேர்க்க முடியாது.

முடிவுத் தேதியை இனி ஒரே இடத்தில் தேடினால் போதும். இரண்டு டேபிள்களையும் சேர்த்துக் கொயரி எழுதும்போது ஜாயின் கோட்டில் டபுள் கிளிக் செய்து, 'பொருள்' டேபிளின் எல்லா ரெக்கார்டுகளும் வரும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை டேபிளில் இல்லாத பொருள் மறைந்துவிடும்.

கூடுதல் பீல்டு ஒன்றிரண்டுதான் என்றால் ஒரே டேபிளே போதும். எல்லாப் பொருளுக்கும் கேட்கும் கேள்வியா, தாய் டேபிளில் வையுங்கள். சிலவற்றுக்கு மட்டுமா, பிள்ளை டேபிளுக்கு அனுப்புங்கள். முதலில் இதைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள்.