உஷார்! அக்கரையில் போட்ட நாற்காலி இங்கே வேண்டாம்

"உறுதியான ஆள் ஒருத்தர் மேல உக்காந்து உத்தரவு போட்டா, ஒரே வருஷத்துல நாடு உருப்பட்டுரும்." தூத்துக்குடி டீக்கடைகளில் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. டீசல் விலையும், ஒரு கையெழுத்துக்கு நாலு நாள் அலையும் அலைச்சலும் அப்படிச் சொல்ல வைக்கின்றன. ஆனால் இது ஆபத்தான ஆசை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அதைச் செய்து பார்த்து, சீரழிந்தார்கள்.

2022 ஜூனில் நம் வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் போனது, நினைவிருக்கிறதா? தமிழ்நாடு அரசின் நிவாரணம்: 14,700 டன் அரிசி, பால் பவுடர், மருந்து. தனக்கு வேண்டிய அரிசியை ஏறக்குறையத் தானே விளைவித்துக்கொண்ட நாடு அது. மழை பொய்க்கவில்லை. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டார் அதிபர் கோத்தபய ராஜபக்சே. விவசாய அறிஞர்கள் எச்சரித்தார்கள், விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போகச் சாகுபடி தொடங்கிவிட்டிருந்தது. நெல் உரமில்லாமல் சோர்ந்து நின்றது. வரிக் குறைப்பும் கடனும் சேர்ந்து கஜானாவைக் காலிசெய்திருந்தன. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது.

ஏன் ஒருவராலும் தடுக்க முடியவில்லை? பிரதமர், கோத்தபயவின் அண்ணன் மகிந்த. நிதியமைச்சர் தம்பி பசில். இன்னொரு அண்ணன் சமலும் அமைச்சர். 2020 அக்டோபரில் வந்த அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம், நீதிபதிகளையும் தேர்தல் ஆணையத்தையும் நியமிக்கும் அதிகாரத்தை அதிபர் கையில் சேர்த்திருந்தது. தட்டிக் கேட்க வேண்டியவர்களை அவரே நியமித்தால் யார் தட்டிக் கேட்பது?

முத்துக்குளித்த காலத்தில், மேலே கயிறு பிடிப்பவன் நம்பிக்கையான ஆளா என்று பார்த்துத்தான் நம் ஆட்கள் கல்லோடு கடலுக்குள் இறங்குவார்கள். அக்கரையிலும் அப்படி ஒரு கயிறு சில காலம் இருந்தது. 2018இல் அதிபர் சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, அது செல்லாது என்று டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 19ஆவது திருத்தம் அவர் கையைக் கட்டிப்போட்டிருந்ததால் அது முடிந்தது. இரண்டே வருஷத்தில் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டார்கள்.

வினையின் வேர் 1978. ஜே.ஆர். ஜெயவர்தனே 'நிறைவேற்று அதிகார ஜனாதிபதி' பதவியை உருவாக்கினார். தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதிலாக, இருக்கும் நாடாளுமன்றத்தையே நீட்டிக்கலாமா என்று வாக்கெடுப்பு. ஆமாம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். விளக்கு ஜெயித்தது. 1977இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் 1988 டிசம்பர் வரை நீடித்தது. அந்த நாடாளுமன்றம்தான், ஜூலைக் கலவரத்தில் தமிழர் ரத்தம் காயும் முன்பே, 1983 ஆகஸ்டில் தனிநாடு கேட்பதைத் தடைசெய்யும் 6ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் இடமிழந்தார்கள். பேசித் தீர்க்க இருந்த கடைசி மேடையும் போனது.

அந்த நிறைவேற்று அதிகார ஜனாதிபதி பதவியை ஒழிப்பேன் என்று 1994இல் சந்திரிகா சொன்னார், 2005இல் மகிந்த சொன்னார். மகிந்த 2010இல் இரண்டு தடவை என்ற வரம்பையே தூக்கிவிட்டார். 2024இல் அநுர குமார திசாநாயக்கவும் அதே வாக்குறுதியைத் தந்தார். 225இல் 159 இடங்கள் கிடைத்தும் முதல் வேலையாக அதைச் செய்யவில்லை.

நம் நாட்டில் அப்படி நடக்காது என்று இருந்துவிடாதீர்கள். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைக்குக் கையெழுத்தானது. மத்திய அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். ஏழு மாதத்தில் தமிழ்நாட்டு அரசைக் கலைத்தார்கள். நமக்கும் அதிபர் ஆட்சி வேண்டும் என்ற யோசனை டெல்லியில் சுற்றியதும் அந்தக் காலத்தில்தான். நாடாளுமன்ற முறை இருந்தே இந்தக் கதி!

அடுத்த முறை டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் சும்மா தலையாட்டாதீர்கள். "அவர் தப்பு செஞ்சா யார் தடுப்பா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தி முகாமுக்கு ஒரு நடை கூட்டிப் போங்கள். அக்கரையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.