முள் குத்தியும் வலிக்காத கால்

நெருஞ்சி குத்தினால் யாருக்கும் சுருக்கென்று வலிக்கும். சர்க்கரை நோய் பல வருஷமாகக் கட்டுக்குள் இல்லாத விவசாயிக்கு அது தெரியாமலே போகலாம். பாதத்து நரம்புகள் மரத்திருக்கும். சீழ் பிடித்த பிறகுதான் கண்ணில் படும்.

'தினமும் வயலில் உழைக்கிறோமே, அது போதாதா?' என்பார்கள். உழைப்பு சர்க்கரையைக் குறைக்க உதவும், சரிதான். ஆனால், வெறுங்காலோடு வரப்பில் நடப்பது ஆபத்து. செருப்பு வேண்டும், போடும் முன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று உதறிப் பார்க்க வேண்டும். சேற்றிலிருந்து ஏறியதும் கால் கழுவி, விரலிடுக்கு வரை ஈரத்தைத் துடைப்பது நல்லது. ராத்திரி உள்ளங்காலைப் பார்க்கக் குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம்.

அலுப்புக்கு வெந்நீரில் கால் வைக்கும் பழக்கம் இவர்களுக்கு ஆகாது. சூடு உறைக்காத காலில் கொப்புளம் போட்டுவிடும். சின்னப் புண்தானே என்று மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும்.