கூடி நடத்தும் கலை – 11: தீர்மான நோட்டு எங்கே?

2020 பிப்ரவரியில், கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்றொரு செய்தி வாட்ஸ்அப் வழியே ஊர் ஊராகப் பரவியது. கோழிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை என்று மத்தியக் கால்நடைத் துறை விளக்கம் கொடுத்தது. விளக்கம் போய்ச் சேர்ந்த வீடுகளைவிட வதந்தி போய்ச் சேர்ந்த வீடுகள் அதிகம். மார்ச் மாதம் கோழிக்கோடு பக்கம் பறவைக் காய்ச்சலும் தென்பட, இரண்டும் சேர்ந்து நாமக்கல் பண்ணைக்காரர்களின் முதுகை ஒடித்தன. முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே இறங்கியது. வாங்கிய தீவனத்துக்குக் கடன் நின்றது. கோழிக்குத் தீவனம் போடாமலும் இருக்க முடியாது. பறவைக் காய்ச்சலுக்காவது கால்நடை மருத்துவர்களிடம் தடுப்பு முறை உண்டு. வதந்தி வந்ததோ நம் கைப்பேசிக் குழுக்களிலிருந்து. அனுப்பியவர்கள் யாரோ எவரோ அல்ல. சித்தப்பா, நாத்தனார், பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், பக்கத்துத் தெருக்காரர்.

இணையக் குழு நடத்துகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, உறுப்பினர்களிடையே நெருக்கத்தை வளருங்கள், நம்பிக்கை தானாக வரும் என்பது. மேலே சொன்ன சம்பவம் அதை மறுக்கிறது. குடும்பக் குழுவைவிட நெருக்கமான குழு எது? அங்கேதான் அந்தப் பொய்யைத் தடுக்க ஆளில்லை. சித்தப்பா அனுப்பியதைப் பார்த்து ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்பது நம் வீடுகளில் மரியாதைக் குறைவு. ஆகவே அவர் மேல் உள்ள நம்பிக்கை, அவர் அனுப்பிய செய்தியின் மேலும் ஏறிக்கொள்கிறது. ஆள் மேல் வைக்கும் நம்பிக்கை வேறு, சொல் மேல் வைக்கும் நம்பிக்கை வேறு. இந்த இரண்டையும் பிரித்து வைத்து, ‘சித்தப்பா நல்லவர், ஆனால் இந்தச் செய்தி தப்பு’ என்று யாரும் யாரையும் புண்படுத்தாமல் சொல்ல இடம் உண்டாக்குவதே குழு நடத்துகிறவரின் முதல் வேலை. அப்படிப்பட்ட குழுவில்தான் நம்பிக்கை வளரும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

இதைத் தொழில்நுட்பமே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஓரளவு பார்த்துக்கொள்கிறது. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகப் பரவிய வதந்தி திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியின் உயிரையே வாங்கிய பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனமே சொன்னது. வேகம் குறைந்தது உண்மை. ஆனால் வந்து சேர்ந்த பொய்யைக் குழுவுக்குள் திருத்துகிற வேலையை எந்தக் கட்டுப்பாடும் செய்துவிடாது. அதற்கு ஆள் வேண்டும்.

நாமக்கல்லில், சொல் மேல் உள்ள நம்பிக்கை எப்படிக் குறைகிறது என்பதைப் புரியவைக்கும் இன்னொரு விஷயம் உண்டு: முட்டை விலை. பண்ணையாளர்களே தங்கள் முட்டைக்கு விலை சொல்ல வேண்டும் என்பதற்காக 1982-இல் டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. நாமக்கல் மண்டல விலை என்று அது அறிவிப்பது செய்தித்தாளில் வருகிறது, வானொலியில் வருகிறது, இன்று பண்ணையாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் வருகிறது. ஆனால் பண்ணை வாசலில் வண்டி வந்து நிற்கும்போது, அறிவித்த விலையிலிருந்து இத்தனை காசு குறைத்துத்தான் எடுப்போம் என்று வியாபாரி சொல்வதுண்டு. இதற்கு ஊரில் ‘மைனஸ்’ என்று பெயர். ஒரு முட்டைக்கு ஐந்து காசு என்றால் காதில் விழாத தொகை. நாளுக்கு 40,000 முட்டை எடுக்கும் பண்ணைக்கு அது தினம் 2,000 ரூபாய், மாதம் 60,000 ரூபாய். அறிவித்த விலை ஒன்று, கைக்கு வந்தது ஒன்று என்று பல நாள் ஆனால், அறிவிப்பின் மேல் மதிப்புக் குறைகிறது. ஒவ்வொருவரும் தனக்கு எவ்வளவு மைனஸ் பிடித்தார்கள் என்பதை வெளியே சொல்லாமல் மறைக்கும்போது அது மேலும் குறைகிறது. எந்தக் குழுவுக்கும் ஒரு மைனஸ் உண்டு. குழுவில் எழுதப்படுவதற்கும் வெளியே நடப்பதற்கும் உள்ள இடைவெளிதான் அது. அதை மறைக்காமல் பேச இடமிருந்தால் குழு பிழைக்கும்.

இடைவெளியைத் திறந்துவைத்துப் பேசும் வழக்கத்தை இந்த மண் ஏற்கெனவே கற்றிருக்கிறது. கற்றுக்கொடுத்தவர்கள் பெண்கள். ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1991-92-இல் சேலத்துக்கு வந்தது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1997-இல். பன்னிரண்டிலிருந்து இருபது பேர்வரை சேர்ந்த சுய உதவிக் குழுக்களில் ஒரு ஊக்குநரும் பிரதிநிதிகளும் இருப்பார்கள். வாராவாரம் கூட்டம், சிறு சேமிப்பு, அதிலிருந்தே உள்கடன். பல குழுக்களில் பெண்கள் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள், சொந்தம் பந்தம் உள்ளவர்கள். அந்த நெருக்கமே போதும் என்று திட்டம் விட்டுவிடவில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எந்தச் செலவுக்காகக் கடன் கொடுப்பது என்று முடிவானது, எல்லாம் தீர்மான நோட்டில் ஏறியது. கூட்ட முடிவில் படித்துக் காட்டி, எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியை நம்பாததால் இப்படிச் செய்யவில்லை. நாளைக்குச் சண்டை வந்தால் யார் ஞாபகம் சரி என்று அடித்துக்கொள்ளாமல் நோட்டைப் பிரித்துப் பார்க்கலாம் என்பதற்காகச் செய்தார்கள். 1992-இல் நபார்டு 500 குழுக்களோடு வங்கி இணைப்பைச் சோதனையாகத் தொடங்கியபோது, சொத்துப் பத்திரம் இல்லாத பெண்களுக்கு வங்கி கடன் கொடுக்க முடிந்ததற்கு இந்தப் புத்தகங்களும் ஒரு காரணம். ஒரு கிளை மேலாளர் முன்னே பின்னே தெரியாத இருபது பெண்களின் மேல் நம்பிக்கை வைக்க, ஆறு மாதத்துச் சேமிப்பும் வரவு செலவும் எழுதிய சில நோட்டுகள் போதுமானதாக இருந்தன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினார்கள். இணையத்தில் முகம் ஏது? நோட்டு மட்டும் போதுமா? போதும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக ஏற்றிவருகிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் நடத்திய அந்த வேலையில், உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் நேரில் கண்டிராதவர்கள் அதில் பலர். ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். கோப்பைத் திறந்தால் தலைப்பில் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும். நூலில் பிழை இருந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்பது வாசகருக்குத் தெரியும். நன்றி யாருக்கு என்பதும் தெரியும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதே வழியில் இன்னும் தொலைவு போனது. ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் உண்டு. யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அதில் நிற்கும். பக்கத்திலேயே உரையாடல் பக்கமும் இருக்கும். வளைகுடாவில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிய யாழ்ப்பாணத்து இ. மயூரநாதனின் உழைப்பை, 2015-க்கான இயல் விருது பாராட்டியது. அவருடைய திருத்தத்தையும் நேற்றுச் சேர்ந்த ஒருவர் கேள்வி கேட்கலாம், மாற்றலாம். வேலை நடந்த தடம் எல்லார் கண்ணிலும் படுகிறது; முகம் தெரியாத குறையை அது ஈடுகட்டுகிறது.

இன்னொரு மறுப்பு சட்டத்தின் பக்கமிருந்து வருகிறது. எவனோ எழுதியதற்கு என்னைப் பிடித்தால் என்ன செய்வது என்று அட்மின்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிடுகிறார்கள். நாமக்கல்லிலிருந்து காவிரியைத் தாண்டினால் வரும் கரூரில், வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் மேல் இப்படி ஒரு வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில், ஒருவர் அட்மினாக மட்டுமே இருந்தால், உறுப்பினர் எழுதியதற்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது, உடந்தையாக இருந்ததற்கு வேறு ஆதாரம் வேண்டும் என்ற நிலையை எடுத்தது. ஆகவே பூட்டுவதற்குச் சட்டம் பெரிய காரணம் அல்ல. பேரிடர்க் காலத்திலோ தேர்வு முடிவு நாளிலோ சில மணி நேரம் பூட்டுவது சரி. ஆண்டு முழுக்கப் பூட்டியே கிடக்கும் குழு அறிவிப்புப் பலகைதான். அதில் பொய் எழுதப்படாது. அட்மின் தப்பாக எழுதினால் அதைச் சொல்லவும் ஆள் இருக்காது. பூட்டாத குழுக்களிலும் ஒரு பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. வம்பான செய்தியை அட்மின் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறார். அந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்ற சாம்பல் நிற வரி மட்டும் நிற்கிறது. என்ன இருந்தது, ஏன் போனது, யாரைப் பற்றி என்று 200 பேரும் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். ‘சாதியைச் சொல்லித் திட்டியிருந்ததால் நீக்கினேன், எழுதியவரிடம் தனியாகப் பேசிவிட்டேன்’ என்று இரண்டு வரி எழுதினால் கதைக்கு இடமில்லை. அந்த இரண்டு வரிதான் இணையக் குழுவின் தீர்மான நோட்டு.

இந்த வாதத்துக்கு எதிரான மிகக் கடினமான கேள்வி மோசடிக் குழுக்களிடமிருந்து வருகிறது. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், பங்குச் சந்தையில் இரட்டிப்பாக்கலாம் என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கும் குழுக்கள் ஒழுங்காகத்தான் நடக்கின்றன. காலையில் வணக்கம், மாலையில் லாபக் கணக்கு, எனக்குப் பணம் வந்துவிட்டது என்று உறுப்பினர்கள் போடும் ரசீதுப் படங்கள். அந்த உறுப்பினர்களில் பலர் மோசடிக்காரரின் ஆட்கள். அப்படியானால் ஒழுங்கான பதிவு நம்பிக்கைக்கு அடையாளம் இல்லையே? பதிவு இருந்தால் மட்டும் போதாது. வெளியே இருக்கிறவர் கேள்வி கேட்டுச் சரிபார்க்க முடிய வேண்டும். மகளிர் குழுவின் நோட்டை வங்கி பார்த்தது, பக்கத்துக் குழுவின் பெண் கேட்டாலும் காட்டலாம். மோசடிக் குழுவில் ஒரு சந்தேகம் எழுப்பினால் அடுத்த நிமிடம் உங்களை வெளியேற்றிவிடுவார்கள். சந்தேகம் கேட்டவரைக் குழு எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். வேறு எதையும் பார்க்க வேண்டாம். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் இன்று 1,024 பேர்வரை சேர்க்கலாம். சேர்க்க முடியும் என்பதற்காகச் சேர்க்க வேண்டியதில்லை. சுய உதவிக் குழு இருபதுக்குள் நின்றதில் ஒரு வசதி இருந்தது; வராதவர் யார் என்று உடனே தெரியும். பெரிய குழு வேண்டியிருந்தால், இருபது முப்பது பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரித்து, பொறுப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொடுக்கலாம். இதற்கெல்லாம் நேரம் ஏது என்பவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. குழு நடத்துவது சம்பளமில்லாத வேலை. அதனால்தான் ஒருவர் தலையிலேயே கட்டக் கூடாது என்கிறேன்.

உங்கள் பண்ணைக் குழுவோ, தெருக் குழுவோ, தறிக்காரர் குழுவோ, பள்ளிப் பெற்றோர் குழுவோ, இந்த வாரம் அதில் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த மூன்று மாதத்தில் வந்த ஒரு தவறான செய்தியைத் தேடி எடுங்கள். அதை யார் திருத்தினார்கள், திருத்தியதை எத்தனை பேர் பார்த்தார்கள், அனுப்பியவர் அதற்குப் பிறகும் குழுவில் பேசுகிறாரா என்று பாருங்கள். திருத்தப்படவே இல்லை என்றால், இன்றைக்கே நீங்கள் திருத்தி எழுதுங்கள். அனுப்பியவர் பெரியவராக இருந்தால், முதலில் போனில் அவரிடம் சொல்லிவிட்டு, அவர் கையாலேயே திருத்தத்தைப் போடச் சொல்லுங்கள்.