ஜி.எஸ்.டி. ரோடு தெரியும்... ‘ஜிஸ்ட்’ தெரியுமா?

தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை பக்கம் படிக்கிறவங்களுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். பாதி காலேஜ் லைஃப் அந்த டிராஃபிக்லயே கழிஞ்சிருக்கும். ஆனா ‘ஜிஸ்ட்’? போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது. எங்க பெரியப்பாவுக்கு ‘ஜிஸ்ட்’னு ரிப்போர்ட் வந்தப்ப, சத்தியமா ஏதோ வரி பாக்கி சமாச்சாரம்னுதான் நினைச்சேன். சிரிக்காதீங்க பாஸ், கொஞ்சம் சீரியஸ் மேட்டர் இது.

பெரியப்பாவுக்கு சிட்லபாக்கம் ஏரிக்கரையில தினமும் நாலு ரவுண்டு நடந்தாதான் காபியே இறங்கும். திடீர்னு ரெண்டாவது ரவுண்டுலயே மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. டெஸ்ட் பண்ணிப் பார்த்தா ரத்தத்துல ஹீமோகுளோபின் எக்கச்சக்கமா இறங்கியிருக்கு. வயித்துக்குள்ள எங்கேயோ கசிவு. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன்னு போயி, இரைப்பைச் சுவர்ல ஒரு கட்டி இருக்குன்னு கண்டுபிடிச்சு, ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. வீட்ல எல்லாரும் ‘அப்பாடா’ன்னு உட்கார்ந்தோம். கட்டி வெளியே வந்தாச்சுல்ல, கதை முடிஞ்சுதுன்னு நினைப்பு.

கதை அங்கேதான் ஆரம்பம். பத்து நாள்ல பயாப்ஸி ரிப்போர்ட் வந்துச்சு. நீள நீளமான செல்கள் உள்ள கட்டி, மென்தசைப் புற்றுநோயா இருக்கலாம்னு எழுதியிருந்தாங்க. கீமோதெரபிக்கு நாள்கூடக் குறிச்சாச்சு. அப்பதான் எங்க அத்தை பொண்ணு வீட்டுக்கு வந்தாங்க. எம்.டி. பேத்தாலஜி படிக்கிறாங்க. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த அக்கா, “இதோட கடைசி வரியை யாராவது படிச்சீங்களா?”ன்னாங்க. ‘ஐ.எச்.சி. பரிசோதனை செய்து உறுதிப்படுத்தவும்’னு குட்டி எழுத்துல ஒரு வரி. நாங்க யாரும் படிக்கலை. நான் உட்பட! எக்ஸாம் ஹால்ல கொஸ்டின் பேப்பரோட பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காத அதே பழக்கம்தான்.

மெட்டலர்ஜி லேப் ஞாபகம் இருக்கா?

கட்டியை எடுக்குறது சர்ஜன். அதுக்குப் பேர் வைக்கிறது பேத்தாலஜிஸ்ட், அதாவது நோய்க்குறியியல் டாக்டர். பேஷன்ட் அவங்களைப் பார்க்கவே மாட்டார். ஆனா என்ன மருந்து, எத்தனை வருஷம்ங்கிறது எல்லாம் அவங்க எழுதுற அந்தப் பேரை வச்சுதான். அவங்க என்ன பண்றாங்கன்னு அக்கா சொல்லச் சொல்ல, எனக்கு எங்க மெட்டலர்ஜி லேப்தான் ஞாபகம் வந்துச்சு.

மெக்கானிக்கல் பசங்களுக்குத் தெரியும். ஒரு ஸ்டீல் துண்டை வெட்டி, எமரி ஷீட்ல தேய்ச்சு, பளபளன்னு பாலிஷ் பண்ணி மைக்ரோஸ்கோப்ல வச்சா ஒண்ணுமே தெரியாது. நம்ம மூஞ்சிதான் தெரியும். நைட்டால் ஆசிட் விட்டப்புறம்தான் ஃபெரைட் வெள்ளையா, பேர்லைட் கறுப்பா கண்ணுக்குப் படும். உடம்பிலிருந்து எடுத்த சதையும் அப்படித்தான். முதல்ல ஃபார்மலின்ல ஊறணும். அழுகாம, எடுத்த நிலையிலேயே அது உறைஞ்சு நிக்கும். அப்புறம் தண்ணியை எல்லாம் படிப்படியா வெளியேத்தி, அந்த இடத்துல உருக்கின பாரஃபின் மெழுகை ஏத்துவாங்க. ஆறினா ஒரு சின்ன மெழுகுக் கட்டி. அதுக்குப் பேர் ‘பிளாக்’. மைக்ரோடோம்னு ஒரு மெஷின்ல அதை 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவுவாங்க. ஒரு மில்லிமீட்டர்ல 250 சீவல்! நம்ம லேத்துல அப்படி ஒரு கட் எடுக்கச் சொன்னா வாத்தியாரே ஓடிடுவார்.

சீவின துண்டுக்கும் நிறம் கிடையாது. ஹீமடாக்ஸிலின் சாயம் விட்டா செல்லோட கரு நீலமாகும், இயோசின் விட்டா மத்தது எல்லாம் ரோஸ் கலர்ல வரும். இதுல ஹீமடாக்ஸிலின் எதுலேர்ந்து வருது தெரியுமா? மெக்ஸிகோ பக்கம் வளர்ற ஒரு மரக்கட்டையிலேர்ந்து! ஒரு காலத்துல துணிக்குச் சாயம் போட்ட சரக்கு, இன்னைக்கும் உலகம் பூரா கேன்சரைக் கண்டுபிடிக்கிற முதல் சாயமா இருக்கு.

சிக்கல் என்னன்னா, இந்த நீலம்-ரோஸ்ல எல்லாக் கட்டியும் தன் முகத்தைக் காட்டாது. பெரியப்பாவோட கட்டியில இருந்தது கதிர் மாதிரி நீண்ட செல்கள். தசைக் கட்டியும் இப்படித்தான் இருக்கும், நரம்புக் கட்டியும் இப்படித்தான் இருக்கும், ஜிஸ்ட்டும் இப்படித்தான் இருக்கும். ஒரே யூனிஃபார்ம்ல மூணு காலேஜ் பசங்க நின்னா எப்படிப் பிரிப்பீங்க? ஐடி கார்டைத்தான் பார்க்கணும். ஐ.எச்.சி.ங்கிறது அந்த ஐடி கார்டு செக்கிங். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டுமே தேடிப்பிடிச்சு ஒட்டிக்கிற ஆன்டிபாடியை ஸ்லைடு மேல விடுவாங்க. அந்தப் புரதம் இருந்தா அந்த இடம் பழுப்பு நிறமாகும். இல்லைன்னா ஆகாது. ஜிஸ்ட்டுக்குத் தேட வேண்டிய புரதத்தோட பேர் ‘சிடி 117’. கூடவே ‘டாக் 1’னு இன்னொண்ணும் பார்ப்பாங்க. நாய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, ‘ஜிஸ்ட்டில் கண்டுபிடிக்கப்பட்டது’ங்கிறதோட இங்கிலீஷ் சுருக்கம்.

ஆன்லயே மாட்டிக்கிட்ட சுவிட்ச்

இந்த ஜிஸ்ட்டுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. இரைப்பையிலயும் குடல்லயும் வர்ற இந்தக் கட்டிகளை ரொம்ப காலம் தசைக் கட்டின்னே எழுதிட்டு இருந்தாங்க. 1983ல மஸூர், கிளார்க்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள், இது பலதும் தசை மாதிரியே இல்லையேன்னு சந்தேகப்பட்டு ‘ஸ்ட்ரோமல் ட்யூமர்’னு பொதுப்படையா ஒரு பேர் வச்சாங்க. 1998ல ஜப்பான்ல ஹிரோட்டா குழு உண்மையான காரணத்தைப் பிடிச்சுது. ‘கிட்’னு ஒரு ஜீன். செல்லுக்கு ‘வளரு’ன்னு சிக்னல் கொடுக்கிற ஒரு சுவிட்ச்சை உண்டாக்குறது அதுதான். அந்த சுவிட்ச் வேற எதுவும் இல்லை, நாம மேலே பார்த்த சிடி 117தான்! ஜீன்ல எழுத்துப் பிழை விழுந்தா சுவிட்ச் ஆன்லயே மாட்டிக்கும். செல் பெருகிட்டே இருக்கும்.

சுவிட்ச் எதுன்னு தெரிஞ்சா அணைக்கிறதுக்கு வழி தேடலாம்ல? வழி ஏற்கெனவே ரெடியா இருந்துச்சு. ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகைக்காகத் தயாரான ‘இமாட்டினிப்’ மாத்திரை, இந்த கிட் சுவிட்ச்சையும் அணைக்கும்னு லேப்ல தெரிய வந்துச்சு. 2000 மார்ச்ல ஃபின்லாந்தின் ஹெல்சிங்கில, கட்டி பல இடத்துக்குப் பரவி, எதுக்கும் அடங்காம இருந்த ஒரே ஒரு பெண்மணிக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. கட்டிகள் சுருங்க ஆரம்பிச்சுது. 2001ல அந்த ஒத்தை ஆளோட கதை மருத்துவ இதழ்ல வந்துச்சு. அடுத்த வருஷமே ஜிஸ்ட்டுக்கு அமெரிக்காவில அனுமதி. வழக்கமான கீமோவுக்கு அசையவே அசையாத கட்டி அது!

இப்பப் புரியுதா அந்தக் கடைசி வரியோட வெயிட்? பேரை மாத்தி எழுதினா பெரியப்பாவுக்குக் கிடைச்சிருக்கப்போறது முடி கொட்டுற, வாந்தி வர்ற, ஆனா வேலை செய்யாத மருந்து.

சரி, இது எவ்வளவு அபூர்வம்? பத்து லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 10 முதல் 15 பேர். ஸ்வீடன்ல மேற்குப் பகுதி ஆஸ்பத்திரிகள்ல இருந்த பழைய மெழுகு பிளாக்குகளை எல்லாம் தூசி தட்டி எடுத்து, புது டெஸ்ட் போட்டுப் பார்த்தாங்க. பல பேருக்கு முதல்ல வேற ஏதோ பேர் எழுதியிருந்தது தெரிஞ்சுது. 2005ல வந்த அந்த ஆய்வோட கணக்கு, பத்து லட்சத்துக்கு 14.5. உலகக் கணக்கை 2011 சென்சஸ்படி 7.2 கோடி பேர் உள்ள நம்ம தமிழ்நாட்டுக்குப் போட்டா, வருஷத்துக்கு 720லேர்ந்து 1,080 பேர் வருது. இது நான் கால்குலேட்டர்ல போட்ட கணக்கு, எந்த ரெஜிஸ்டர்லயும் எண்ணினது இல்லை. ஆனா ‘அபூர்வம்’னா யாருக்கோ வர்றதுன்னு நினைச்சிட்டு இருந்தேனே, அந்த நினைப்பு போச்சு.

நம்ம சென்னையும் இந்தக் கதையில இருக்கு

இந்த மாத்திரைக்கும் சென்னைக்கும் ஒரு பெரிய கனெக்‌ஷன் உண்டு. இமாட்டினிப்போட ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் கம்பெனி 1998ல விண்ணப்பிச்சது சென்னை காப்புரிமை அலுவலகத்துலதான். இன்னைக்கு அந்த ஆபீஸ் கிண்டியில, நம்ம அதே ஜி.எஸ்.டி. ரோட்டுல இருக்கு! 2006 ஜனவரியில விண்ணப்பத்தை நிராகரிச்சாங்க. ஏற்கெனவே தெரிஞ்ச மருந்தை, அதைவிட நல்லா குணமாக்கும்னு காட்டாம, வடிவத்தை மட்டும் மாத்தினா புதுக் கண்டுபிடிப்பு ஆகாதுன்னு சொல்ற சட்டப் பிரிவு 3(டி)தான் காரணம். அந்தப் பிரிவையே எதிர்த்து நோவார்டிஸ் சென்னை ஐகோர்ட்டுக்குப் போச்சு. 2007ல அங்கேயும் தள்ளுபடி. கடைசியா சுப்ரீம் கோர்ட், 2013 ஏப்ரல் 1ம் தேதி கம்பெனிக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. (ஏப்ரல் ஃபூல் இல்லைங்க, நிஜமாவே அந்தத் தேதிதான்!) வழக்கு நடந்த காலத்துல கம்பெனி மாத்திரைக்கு மாசம் சுமார் 1,20,000 ரூபாய், நம்ம ஊர் ஜெனரிக் மாத்திரைக்கு 8,000லேர்ந்து 10,000 ரூபாய். எங்க வீடு மாதிரி வீட்டுக்கு இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிறது என்னன்னு விளக்கத் தேவையில்லை.

மாத்திரை மலிவாச்சு, ஓகே. ஆனா யாருக்குக் கொடுக்கிறதுன்னு தெரியணுமே. பழுப்பு நிறம் வந்ததோட டெஸ்ட் முடியலை. அதே பிளாக்கிலேர்ந்து டி.என்.ஏ.வைப் பிரிச்சு, எழுத்துப் பிழை எந்த இடத்துலன்னு படிப்பாங்க. கிட் ஜீன்ல ‘எக்ஸான் 11’ங்கிற பகுதின்னா இமாட்டினிப் ரொம்ப நல்லாவே கேட்கும். ‘எக்ஸான் 9’னா டபுள் டோஸ் யோசிப்பாங்க. பிழை கிட்லயே இல்லாம பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ.ங்கிற பக்கத்து வீட்டு ஜீன்ல, டி842வி ரகமா இருந்துட்டா... இமாட்டினிப் கேட்காது! அந்த ரகத்துக்குன்னு ‘அவாப்ரிட்டினிப்’னு ஒரு மருந்து 2020லதான் அமெரிக்காவில அனுமதி வாங்குச்சு. புரோகிராம்ல ‘எரர்’னு சொன்னா போதாது, எந்த லைன்ல எரர்னு சொல்லணும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் தலையாட்டுறது தெரியுது. 12 படுக்கையோட 1954ல ஆரம்பிச்ச நம்ம அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல இன்னைக்கு மாலிகுலர் ஆன்காலஜிக்குன்னே ஒரு துறை இருக்கு. இந்த எரர் தேடுற வேலைக்காக ஊர் விட்டு ஊர் போக வேண்டாம்.

எங்க வீட்ல அடுத்து நடந்தது ஒரு தேடல் படலம். ஐ.எச்.சி. பண்ண பிளாக் வேணுமே! ஸ்லைடும் பிளாக்கும் கேட்டு வாங்கலாம்ங்கிறதே எங்களுக்குத் தெரியாது. அப்பா ரிப்போர்ட் நம்பரை எழுதிட்டுப் போய் நின்னார். “நாளைக்கு வாங்க”ன்னாங்க. மறுநாளும் அதே பதில். மூணாவது நாள் ஒரு சின்ன கவர்ல வந்துச்சு, தபால்தலை சைஸ்ல மெழுகு. இதுக்காகவா இவ்வளவு அலைச்சல்னு நான் கேட்டதுக்கு அக்கா விட்டாங்க ஒரு டோஸ். “டேய், கட்டியை ஒரு தடவைதான் வெட்ட முடியும். பிளாக் இருந்தா பத்து வருஷம் கழிச்சுக்கூட புது டெஸ்ட் போடலாம்.”

வீட்ல யாருக்காவது பயாப்ஸின்னா நீங்க கண்ணு வைக்க வேண்டிய இன்னொரு இடம், அந்த டப்பா. சதைத் துண்டு ஃபார்மலின்ல உடனே போகணும். சும்மா தண்ணியிலயோ, காய்ஞ்ச பஞ்சுலயோ சுத்திக் கொடுத்தா டெஸ்ட் பாழ். அதே நேரம் ஃபார்மலின்லயே வாரக்கணக்கா ஊறினா டி.என்.ஏ. துண்டு துண்டாகிடும். அதனால டப்பாவை வாங்கி வண்டி டிக்கியில வச்சுக்கிட்டு ஊர் சுத்தாம, அன்னைக்கே லேப்ல கொடுத்துடுங்க.

பெரியப்பாவுக்கு சிடி 117 பழுப்பு. எக்ஸான் 11. குறிச்சு வச்ச கீமோவை கேன்சல் பண்ணிட்டு, 400 மில்லிகிராம் இமாட்டினிப், தினம் ஒண்ணு, சாப்பாட்டோட. மறுபடி வர்ற ரிஸ்க் அதிகம்ங்கிறதால மூணு வருஷம் சாப்பிடணுமாம். கண்ணைச் சுத்தி வீக்கம் இருக்கு, சில நாள் காலைல கால் இழுத்துப் பிடிக்குதுங்கிறார். ஏரிக்கரையில இப்போதைக்கு மூணு ரவுண்டு. நாலாவதுக்கு என்னைத் துணைக்குக் கூப்பிடுறார், நான்தான் தூங்கிடறேன்.

பிளாக் பெரியம்மாவோட பீரோவுல இருக்கு. முதல்ல கீழ்த்தட்டுலதான் வச்சிருந்தாங்க. 2015 மழையில ஏரி நிறைஞ்சு எங்க தெருவுல தண்ணி வந்தது பெரியம்மாவுக்கு மறக்கவே மறக்காது. ஐப்பசி பிறந்ததும் முதல் வேலையா அந்த கவரை எடுத்து, பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, மேல்தட்டுல நகைப் பெட்டிக்கும் மேல வச்சாங்க.